21 நாள் கணக்கு



2020-ஆம் ஆண்டு, மார்ச் 24. இரவு 8 மணி. பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு 12 மணி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்றார். 21 நாட்கள் யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றார். கொரோனா என்ற தொற்றுநோய் பரவாமல் தடுக்க இந்த ஏற்பாடு. அப்போது நாட்டில் 130 கோடிக்கும் மேல் மக்கள். அவர்களில் பெரும்பாலோர் 21 என்று எண்ணத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஆனால் சில வீடுகளில் அந்த எண் முன்பே பழகிய எண். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருப்பார்கள். அதிலிருந்து 21 நாள் எண்ணி இன்னொரு வட்டம். அதற்கு மேல் 21 நாள் எண்ணி மற்றொரு வட்டம். அவை புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் நாட்கள்.

அது என்ன 21 நாள் கணக்கு?

புற்றுநோய்க்குப் பல சிகிச்சைகள் உண்டு. கட்டியை அறுத்து எடுப்பது ஒன்று. கதிர்ச் சிகிச்சை இன்னொன்று. தமிழ்நாட்டு மக்கள் அதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். அதில் உடம்புக்குள் மின்சாரம் பாய்வதில்லை. ஆனாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மற்றொன்று மருந்துச் சிகிச்சை. இதுதான் கீமோதெரபி. பெரும்பாலும் இரத்தக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள்.

இந்த மருந்து வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்கிறது. புற்றுநோய்ச் செல்கள் வேகமாகப் பெருகுபவை. ஆகவே அவை அழிகின்றன. ஆனால் உடம்பில் வேகமாகப் பெருகும் நல்ல செல்களும் உண்டு. முடியின் வேரில் உண்டு. வாயின் உட்புறத்தில் உண்டு. குடலில் உண்டு. எலும்புக்குள் இரத்தம் ஊறும் மச்சையிலும் உண்டு. மருந்துக்கு நல்லது, கெட்டது தெரியாது. அதனால்தான் முடி கொட்டுகிறது. வாய் புண்ணாகிறது. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைகின்றன.

வெள்ளை அணுக்கள் உடம்பின் காவல்காரர்கள். வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போடுபவை அவைதான். மருந்து ஏற்றிய 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை அவை மிகவும் குறைந்துபோகும். பிறகு மெல்ல ஏறும். 21-ஆம் நாள் சுமாராகப் பழைய நிலைக்கு வரும். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்த மருந்தை ஏற்றுவார்கள். எல்லா மருந்துக்கும் இதே கணக்கு இல்லை. வாரம் ஒருமுறை ஏற்றுவதும் உண்டு. 14 நாளுக்கு ஒருமுறை ஏற்றுவதும் உண்டு. ஆனால் 21 நாள் கணக்கே அதிகம்.

ஆகவே கூட்டத்துக்குப் போகக்கூடாது, சளி பிடித்தவர் பக்கத்தில் உட்காரக்கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் இந்த வீடுகளுக்குப் புதிதல்ல. நாடே முகக்கவசம் கட்டுவதற்கு முன்பே கட்டியவர்கள் இவர்கள். அப்போது தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இவர்களுக்கு நிம்மதி.

மற்ற எல்லாவற்றிலும் சங்கடம்தான். 'வெளியே வராதே' என்றது கொரோனா. 'வட்டம் போட்ட தேதியில் வந்தே ஆக வேண்டும்' என்றது புற்றுநோய். இரண்டுக்கும் நடுவில் நோயாளி நின்றார்.

நம் நாட்டில் புற்றுநோய்க்குப் பெரிய மருத்துவமனைகள் சில நகரங்களில்தான் இருக்கின்றன. நோயாளிகளோ நாடு முழுவதும் இருக்கிறார்கள். அவர்களை மருத்துவமனையோடு சேர்த்து வைத்திருந்தது ரயில்.

பஞ்சாபின் தென்பகுதியில் மால்வா என்ற வட்டாரம் இருக்கிறது. பருத்தி விளையும் பூமி. அங்கே பட்டிண்டா ரயில் நிலையத்துக்கு இரவில் ஒரு பாசஞ்சர் வண்டி வந்துகொண்டிருந்தது. அபோகரிலிருந்து ஜோத்பூர் போகும் வண்டி. அதில் ஏறினால் விடியும்போது ராஜஸ்தானில் உள்ள பிகானேருக்குப் போய்விடலாம். அங்கே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. செலவு குறைவு. ஆகவே பல ஆண்டுகளாக நோயாளிகள் அந்த வண்டியில் போனார்கள். கையில் ஃபைல், தோளில் போர்வை, துணைக்கு ஓர் ஆள். அந்த வண்டிக்குக் 'கேன்சர் ட்ரெயின்' என்றே ஜனங்கள் பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு ரயிலுக்கு வரக்கூடாத பெயர் அது.

2020 மார்ச் 22-ஆம் தேதி பயணிகள் ரயில்களை நிறுத்தும் அறிவிப்பு வந்தது. அந்த வண்டியும் நின்றது. புற்றுநோயாளிக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. படுக்கை வசதிப் பெட்டியில் அவருக்குக் கட்டணமே கிடையாது. உடன் போகிறவருக்கு நான்கில் மூன்று பங்கு தள்ளுபடி. அந்த மார்ச் மாதத்தில் ரயில்வே மற்றப் பல சலுகைகளை நிறுத்தி வைத்தது. நோயாளிகளின் சலுகையில் கை வைக்கவில்லை. சலுகை இருந்தது. ரயில்தான் இல்லை.

ஊரிலேயே மாட்டிக்கொண்டவர்கள் இப்படி. சிகிச்சைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் வேறு. மும்பை பரேலில் டாடா நினைவு மருத்துவமனை இருக்கிறது. 1941-இல் திறக்கப்பட்டது. பீகார், உத்தரப்பிரதேசம், மேற்கு வங்காளம் என்று எங்கெங்கிருந்தோ ஏழைகள் அங்கே வருகிறார்கள். தாதரில் உள்ள காட்கே மகராஜ் தர்மசாலையில் இடம் கிடைத்தால் தங்குவார்கள். கிடைக்காதவர்கள் நடைபாதையில் தார்ப்பாய் கட்டிக்கொள்வார்கள். ஊரடங்கில் சாப்பாட்டுக் கடைகள் மூடின. ஊருக்குத் திரும்ப வண்டி இல்லை. 'வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்று ஒலிபெருக்கி சொன்னது. நடைபாதையில் இருப்பவர் எந்த வீட்டுக்குள் போவார்?

வேலூரிலும் இதே நிலைதான். கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்த பலர் விடுதி அறைகளில் அடைபட்டார்கள். சிகிச்சை முடிந்தும் அறை வாடகை ஏறிக்கொண்டே போனது. 2020 மே மாதத்தில்தான் காட்பாடியிலிருந்து அவர்களுக்குச் சிறப்பு ரயில்கள் புறப்பட்டன.

எத்தனை பேருக்குச் சிகிச்சை தடைப்பட்டது? நாட்டின் 41 புற்றுநோய் மருத்துவமனைகளில் கணக்கு எடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்களில் அங்கே புதிதாகப் பதிவு செய்துகொண்டவர்கள் 1,12,270 பேர். 2020-இல் அதே மூன்று மாதங்களில் 51,760 பேர்தான். பாதிக்கும் கீழே. பெரிய அறுவைச் சிகிச்சைகள் 17,120-லிருந்து 8,677 ஆயின.

அந்த ஆண்டு புற்றுநோய் பாதியாகக் குறைந்துவிட்டதா? இல்லை. கட்டி வந்தவர்களுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கும். 'இது ஓயட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்திருப்பார்கள். வலிக்காத கட்டி என்றால் இன்னும் மோசம். வலி இல்லாததை யார் அவசரம் என்பார்கள்? புற்றுநோயில் ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.

மருத்துவமனைகளும் கைகட்டி நிற்கவில்லை. பரேல் மருத்துவமனை அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தாமல் செய்தது. மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை 494 பேருக்குச் செய்தார்கள். அந்த அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் ஒருவர்கூட இறக்கவில்லை. பல இடங்களில் சிகிச்சை முறையையே சற்று மாற்றினார்கள். ஏற்றும் மருந்துக்குப் பதிலாக, முடிந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு முன்பு 25 நாள் கதிர் வைப்பார்கள். அதையே 15 நாளில் முடிக்கலாம் என்பது முன்பே தெரிந்ததுதான். 2020 ஏப்ரலில் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு 5 நாளில்கூட முடிக்கலாம் என்று அது காட்டியது. 25 முறை பஸ் ஏறுவதற்கும் 5 முறை ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம் ஏழைக்குத்தான் தெரியும்.

கேரளத்தில் தீயணைப்புப் படையினர் தங்கள் வண்டிகளில் புற்றுநோயாளிகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நெருப்பு இல்லாத வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது.

எல்லோர் வீட்டுக்கும் வண்டி வருமா? வராது. அப்போது மிஞ்சியது தொலைபேசி. 2020 மார்ச் 25-ஆம் தேதி மத்திய அரசு சில விதிகளை வெளியிட்டது. மருத்துவர்கள் தொலைபேசியில் நோயாளியோடு பேசி, மருந்து எழுதிக் கொடுப்பதற்கான விதிகள் அவை. ஆனால் கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் போன்ற மருந்துகளைத் தொலைபேசி வழியாக எழுதித்தர அந்த விதிகள் இடம் தரவில்லை. அதற்கு யாராவது நேரில் போகத்தான் வேண்டும். வலியில் துடிப்பவர் வீட்டில் அந்த நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தொலைபேசி வைத்தியத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அது தொடர்கல்வி மையத்துக்கு வருகிறவர்களுக்கு நன்றாகப் புரியும். பீகாரில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மும்பையில் மூன்று முறை மருந்து ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிய ஒரு தாய். கணவர் இல்லை. மகன் சூரத்தில் வேலையில் இருக்கிறான். ஊரடங்கில் அவனும் வர முடியவில்லை. மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வருகிறது.

"என்ன மருந்து ஏற்றினார்கள் அம்மா?"

"சிவப்பு மருந்து ஐயா."

"எவ்வளவு ஏற்றினார்கள்?"

"ஒரு பாட்டில் ஐயா. பெரிய பாட்டில்."

அந்தத் தாய் சொல்வது பொய் இல்லை. டாக்சோரூபிசின் என்ற மருந்து சிவப்பாகத்தான் இருக்கும். ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவந்து போகும். ஆனால் மருத்துவருக்கு அது போதாது. அந்த மருந்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் சேர்த்து இவ்வளவுதான் ஏற்றலாம் என்று கணக்கு. மீறினால் இதயம் கெட்டுப்போகும். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையில் நாலாவது முறை ஏற்ற வேண்டும் என்றால், இதுவரை எத்தனை மில்லிகிராம் போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். அது ஃபைலில் எழுதியிருக்கிறது. ஃபைல் பரண்மேல் பத்திரமாக இருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் இருந்தாள் என்றால் பிழைத்தது. அவள் வாசலில் நின்றபடியே ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவாள். மறுமுனையில் மருத்துவர் எழுதிக்கொள்வார். தேதி, மருந்தின் பெயர், பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண், கடைசியாகச் சோதித்த இரத்தத்தின் அளவு. ஐந்து நிமிட வேலை. அந்தப் பெண் இல்லாத ஊர்களும் இருந்தன.

இப்போது காய்ச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைக் கவனமாகக் கேளுங்கள்.

மருந்து ஏற்றிக்கொண்டவருக்குக் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டரில் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால் அவசரம். வெள்ளை அணுக்கள் இல்லாத நேரத்தில் கிருமி புகுந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும் முதல் வேலையாக, "எனக்கு கீமோ ஏற்றியிருக்கிறார்கள், இன்ன தேதியில்" என்று சொல்ல வேண்டும். சீக்கிரம் கிருமிக்கொல்லி ஊசி போட்டால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள்.

கொரோனாவுக்கும் காய்ச்சல்தான் அடையாளம். அங்கேதான் இரண்டு நோயும் மோதிக்கொண்டன. காய்ச்சல் என்று போனால், 'முதலில் கொரோனா சோதனை' என்று பல இடங்களில் தனியே உட்கார வைத்தார்கள். முடிவு வர ஒரு நாள், இரண்டு நாள் ஆனது. புற்றுநோயாளியால் அத்தனை நேரம் காத்திருக்க முடியாது. கீமோ தேதியை அழுத்திச் சொன்னவர்களுக்கு ஊசியும் சோதனையும் ஒரே நேரத்தில் நடந்தன. சொல்லத் தெரியாதவர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

வேறு சிலர் பயத்தில் போகவே இல்லை. கொரோனா வார்டில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். வீட்டைச் சுற்றித் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம். பாராசிட்டமால் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். மாத்திரை காய்ச்சலை இறக்கிவிடும். கிருமியை ஒன்றும் செய்யாது. எண் இறங்கிவிட்டதே என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே நோய் ஏறிக்கொண்டிருக்கும். முதலில் தெர்மாமீட்டர், அடுத்தது தொலைபேசி. மாத்திரை அதற்குப் பிறகு, மருத்துவர் சொன்னால்தான்.

வீட்டுக்குள் தனித்திருப்பது என்பதும் சொல்வதற்குச் சுலபம். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் எங்கே தனித்திருப்பது? பலர் ஒரு மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டினார்கள். ஜன்னல் பக்கம் நோயாளிக்கு, கதவுப் பக்கம் மற்றவர்களுக்கு. வெளியே போய் வருகிறவர் ஒருவர் மட்டும். அவர் வந்ததும் கை கால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே வருவார். சாப்பாடு சூடாக, அப்போது சமைத்ததாக. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். நறுக்கி விற்கும் பழம் வேண்டாம். வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது. இவை கொரோனா போன பிறகும் மருந்து ஏற்றிக்கொள்ளும் வீடுகளுக்குப் பொருந்தும்.

நோயாளியைப் பார்க்கப் போவது நம் ஊர் வழக்கம். கையில் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும். பத்துப் பேர் வந்து பத்து விதமான வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஊரடங்கில் அது நின்றது. சில நோயாளிகளுக்கு அதுவே ஓய்வாகவும் இருந்தது. ஆனால் அதே உறவினர்கள்தான் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவர்கள், குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்கள், மருத்துவமனையில் இரவு கண்விழித்தவர்கள். அவர்களும் வராமல் போனார்கள். வார்டுக்குள் ஒரு துணைதான் என்றார்கள். சில இடங்களில் அதுவும் கூடாது என்றார்கள். கையில் ஊசி குத்தியிருக்க, ஆறு மணி நேரம் பேச்சுத் துணை இல்லாமல் கிடந்தார்கள்.

இன்னொரு வேதனை அக்கம்பக்கத்தால் வந்தது. மொட்டைத் தலை, முகக்கவசம், வாசலில் ஆம்புலன்ஸ். 'அந்த வீட்டில் கொரோனா' என்று பேச்சுப் பரவிவிடும். பால்காரர் வரமாட்டார். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. தொட்டால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. சொல்லப்போனால் பயப்பட வேண்டியவர் நோயாளிதான். நம்மிடமிருந்து அவருக்குக் கிருமி போகும்.

2021 மார்ச் 1-ஆம் தேதி முதல் 60 வயதானவர்களுக்கும், வேறு நோய் உள்ள 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் கொரோனா தடுப்பூசி போட்டார்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அதற்கும் மருத்துவர் கொடுத்த சான்று கேட்டார்கள். அதுவும் ஃபைலுக்குள்தான் இருக்க வேண்டும்.

கொரோனா ஊரடங்கு முடிந்துவிட்டது. ஆனால் நோயாளி துண்டிக்கப்படுவதற்குக் கொரோனாதான் வேண்டும் என்பதில்லை. அசாமில் சில்சார் என்ற ஊரில் கச்சார் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1996-இல் ஊர் மக்கள் சேர்ந்து தொடங்கியது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்த மருத்துவர் ரவி கண்ணன் 2007-இல் அங்கே போனார். 2023-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர் போன காலத்தில் 100 நோயாளிகளில் 28 பேர்தான் சிகிச்சையைக் கடைசி வரை எடுத்துக்கொண்டார்களாம். மற்றவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். காசு இல்லை, கூலி போகிறது, ஊர் தூரம். மருத்துவமனை சாப்பாடும் தங்க இடமும் கொடுத்தது. துணைக்கு வந்தவருக்கு அங்கேயே ஏதாவது வேலை கொடுத்தது. வீடு தேடியும் போனது. 28 என்பது 70 ஆயிற்று.

2022 ஜூனில் பராக் ஆறு பெருகிச் சில்சார் நகரமே தண்ணீரில் மூழ்கியது. மருத்துவமனைக்குள்ளும் தண்ணீர். மறுபடியும் வெளியே போக வழியில்லை, உள்ளே வர வழியில்லை. ஆனால் நாட்காட்டியில் வட்டம் போட்ட தேதி வந்துவிட்டது. மருத்துவர்களும் செவிலியரும் தண்ணீர் ஏறாத சாலைக்கு வந்தார்கள். அந்தச் சாலையோரத்திலேயே நோயாளிகளை உட்கார வைத்து மருந்து ஏற்றினார்கள்.

ஆகவே வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்தால் இன்றைக்கே ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைலின் முதல் பக்கமாக அது இருக்கட்டும். நோயாளியின் பெயர், என்ன புற்றுநோய், ஏற்றும் மருந்தின் பெயர், இதுவரை எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எவ்வளவு, கடைசியாக ஏற்றிய தேதி, மருத்துவமனையின் தொலைபேசி எண். மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். தெரியாவிட்டால் செவிலியரிடம் கேட்டு, ஒலிக்கிறபடி தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தாக எழுதுங்கள். ஃபைலைப் பரண்மேல் வைக்க வேண்டாம். எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியட்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தெரியட்டும்.